இப்படிப்பட்ட பெற்றோர்

வணக்கம் மேடம்,

டெக்சாஸில் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகளும் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். ஃபாஸ்டர் கேரில், அதாவது பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அரசுப் பொறுப்பில் வளர்ப்பு வீட்டில், இருக்கும் குழந்தைகளுக்காகக் கோர்ட்டில் பேசும் தன்னார்வலராக இருந்ததைப் பற்றி ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கும் ஆசையாக இருக்கிறது. இப்படிப்பட்ட பெற்றோரிடமிருந்து ஒரு குழந்தையையாவது காப்பாற்றினால் போதும். ஆனால் சட்டம் தெரியாது. என் ஆங்கில உச்சரிப்பை ஜட்ஜ் மதிப்பாரா? "ஊரான் வீட்டு வழக்கில் நமக்கென்ன வேலை" என்கிறார் கணவர்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உச்சரிப்பை விடுங்கள். நீங்கள் எழுதிக் கொடுக்கும் அறிக்கைதான் அங்கே பேசும். சட்டம் பேச வக்கீல்கள் இருக்கிறார்கள்.

இந்த ஏற்பாடே சட்டம் தெரியாதவர்களை நம்பி வந்ததுதான். சியாட்டிலில் டேவிட் சூக்கப் என்று ஒரு நீதிபதி. ஒரு குழந்தையை வீட்டுக்கு அனுப்பலாமா என்று தீர்மானிக்கத் தன் கையில் இருக்கும் விவரம் போதாது என்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. குழந்தைக்காக மட்டும் விசாரித்துச் சொல்ல ஊர்க்காரர்கள் யாராவது வருவார்களா என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கூட்டம் போட்டார். நாலைந்து பேர் வருவார்கள் என்று நினைத்தார். வந்தது 50 பேர். 1977-ல் தொடங்கிய அந்தத் திட்டம்தான் இன்று காஸா (CASA): குழந்தைக்காகப் பேசக் கோர்ட் நியமிக்கும் தன்னார்வலர்கள். (ஸ்பானிஷில் 'வீடு' என்று பொருள் வரும். நான் சேர்ந்த செய்தியைப் போனில் சொன்னபோது, குண்டு விழுகிற ஊருக்கு எதற்குடி போகிறாய் என்று அம்மா பதறிவிட்டார்.)

உங்கள் கடிதத்தில் எனக்கு இடறியது "இப்படிப்பட்ட பெற்றோர்" என்ற சொல். நானும் அதைச் சொல்லிக்கொண்டுதான் போனேன். 30 மணி நேரப் பயிற்சி, போலீஸ் சரிபார்ப்பு, ஜட்ஜ் முன்னால் உறுதிமொழி எல்லாம் முடிந்த பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை. ஒரு தாயின் வீட்டைப் பார்த்துவிட்டு, "ஃப்ரிட்ஜில் பாலைத் தவிர ஒன்றுமில்லை" என்று எழுதினேன். எனக்கு மேலே இருந்த ஒருங்கிணைப்பாளர் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "அவர் கார்டில் அரசு தரும் உணவுப் பணம் என்றைக்கு ஏறும் என்று கேட்டாயா?" கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஏறுமாம். அந்த வரியை நானே அடித்தேன்.

இங்கே பெரும்பாலான வழக்குகள் அடி உதை அல்ல, கவனிப்பின்மை. அதற்குள் போதை இருக்கும், வறுமை இருக்கும், வாடகை கட்டாமல் போன வீடு இருக்கும். முடிந்தவரை குழந்தையைப் பெற்றவரிடமே திருப்பித் தருவதுதான் கோர்ட்டின் முதல் நோக்கம். ஆனால் கெடு உண்டு. கடந்த 22 மாதத்தில் 15 மாதம் குழந்தை ஃபாஸ்டர் கேரில் இருந்துவிட்டால், சில விலக்குகள் போக, பெற்றோர் உரிமையை ரத்து செய்ய அரசு மனுப் போட வேண்டும் என்கிறது நாடு முழுமைக்குமான 1997-ம் ஆண்டுச் சட்டம். உங்கள் மாநிலத்தில் இன்னும் இறுக்கம்: ஒரு வருடம், நீட்டித்தால் மேலும் ஆறு மாதம் போல. போதை சிகிச்சை, வேலை, வீடு, வாராவாரம் குழந்தையைப் பார்க்க பஸ் பிடித்து வருவது எல்லாம் அதற்குள். அந்தப் பெண்ணின் இடத்தில் நான் இருந்தால் முடித்திருப்பேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அதற்காக அம்மாவின் பக்கம் சாய வேண்டும் என்று சொல்லவில்லை. அனுப்பக் கூடாது என்று எழுத வேண்டிய நாளும் வரும். நானும் எழுதியிருக்கிறேன். அன்று இரவு சாப்பிடவில்லை.

சரி, வேலை என்ன? மாதம் ஒருமுறையாவது குழந்தையைப் பார்ப்பது, டீச்சர், டாக்டர், வளர்ப்பு வீட்டார் எல்லாரிடமும் பேசுவது, ஃபைல் படிப்பது, எழுதுவது. என் கேஸில் 14 மாதத்தில், வழக்கைக் கவனிக்கும் அரசு ஊழியரான கேஸ்வொர்க்கர் மூன்று பேர் மாறினார்கள். வகுப்பில் கவனமே இல்லை என்று பள்ளிக்கூடம் புகார் சொன்னபோது, குழந்தையின் மூக்குக் கண்ணாடி இரண்டு வளர்ப்பு வீட்டுக்கு முன்பே தொலைந்துபோனது அங்கே எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. வீட்டுக்கு அழைத்து வரக் கூடாது, பணம் கொடுக்கக் கூடாது. நான் இருந்த இடத்தில் காரில் ஏற்றவும் தடை. நம் கை சும்மா இருக்காது, முறுக்கு டப்பாவைத் தேடும். ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கணவரோடு வாதாட வேண்டாம். டிசம்பரில் ஊருக்குப் போவதைப் பற்றி மட்டும் முதலிலேயே பேசி வையுங்கள். கேஸ் முடியும்வரை விலகாமல் இருப்பேன் என்றுதான் அங்கே சொல்லப் போகிறீர்கள். விசாரணைத் தேதி நம் விமான டிக்கெட்டைப் பார்த்து வராது.