டி டிரைவில் இருக்கிறதே, போதாதா?

அன்புள்ள ஐயா,

பல வருடங்களாக எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைப் படம் எடுத்து வருகிறேன். அப்பா காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களையும் ஸ்கேன் செய்து சேர்த்திருக்கிறேன். மொத்தம் 60 ஜிபி. எல்லாவற்றுக்கும் டி டிரைவில் ஒரு பிரதி உண்டு. வாராவாரம் பென் டிரைவிலும் போடுவேன். தைக்குப் பிறகு மறந்தே போய்விட்டது. "கிளவுட்ல போட்டுடுங்க தாத்தா" என்கிறான் பேரன். தானாக நடக்கிற மாதிரி எளிய வழி ஒன்று சொல்லுங்களேன்.

— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், குடியாத்தம்

அன்புள்ள ஐயா,

முதலில் அந்த டி டிரைவ். "சி-யில எதுவும் வைக்காதீங்க சார், எல்லாத்தையும் டி-யில போடுங்க" என்று கடைக்காரர் சொல்லித்தான் அனுப்புவார். விண்டோஸை மறுபடி போடும்போது சி அழியும், டி தப்பும். அந்த மட்டில் சரி. ஆனால் பல வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்தான். ஒரே பீரோவில் இரண்டு தட்டு. பீரோவே போனால்?

எனக்குப் போனது. வேலூர் சத்துவாச்சாரியில் குடியிருந்தேன். உங்கள் ஊரில் சிரசு ஏறுகிற அதே வைகாசி முதல் வாரம், அக்னி நட்சத்திரம். மதியம் எங்கோ 'டக்... டக்...' என்று சத்தம். பல்லி என்று நினைத்துச் சுவரைப் பார்த்தேன். கத்தியது ஹார்ட் டிஸ்க். சாயங்காலம் சி-யும் இல்லை, டி-யும் இல்லை. மூன்று வருடக் கட்டுரைகளில் மிஞ்சியவை பத்திரிகைகளுக்கு மெயிலில் அனுப்பியவை மட்டும். நானும் ஞாயிறுதோறும் பென் டிரைவில் போடுகிற ஆள்தான். கடைசியாகப் போட்ட ஞாயிறு எட்டு மாதத்துக்கு முந்தையது!

அதனால், நாம் ஞாபகம் வைத்துச் செய்யவேண்டிய எதுவும் வேண்டாம். 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றை வாங்கிச் சொருகி அப்படியே விட்டுவிடுங்கள். விண்டோஸின் கண்ட்ரோல் பேனலில் 'ஃபைல் ஹிஸ்டரி' என்று ஒன்று இருக்கிறது. தனிக் காசு கிடையாது. அதை ஆன் செய்தால், மணிக்கொரு முறை மாறிய ஃபைல்களை அதுவே எடுத்து வைத்துக்கொள்ளும். ஆனால் டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் மாதிரியான இடங்களை மட்டும்தான் அது பார்க்கும். டி-யில் இருக்கிற அம்மன் அதன் கண்ணில் படமாட்டாள். அந்த ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'இன்க்ளூட் இன் லைப்ரரி' கொடுக்க வேண்டும். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

பேரன் சொல்வதும் தப்பில்லை. 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி கௌண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் கம்ப்யூட்டரும் போகும், பக்கத்தில் இருக்கிற டிஸ்க்கும் போகும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ரான்சம்வேர் வைரஸ் வந்தாலும் அதே கதிதான். ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே, இணையத்தில் இருக்கட்டும்; பேரன் சொல்கிற கிளவுட் அதுதான். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதில் மெயிலும் சேர்த்தி. அப்பாவின் படங்களை மட்டும் அங்கே வையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்: கம்ப்யூட்டரோடு இணைத்து வைத்த ஃபோல்டரில் கைதவறி ஒன்றை அழித்தால் கிளவுடிலும் அழியும். அங்கே குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அப்புறம் போயே போச்சு.

எல்லாம் முடிந்ததும், அப்பா எடுத்த சிரசு ஊர்வலப் படம் ஒன்றை அந்த டிஸ்க்கிலிருந்து திரும்ப எடுத்துப் பாருங்கள். சரியாகத் திறந்தால் எனக்கும் ஒன்று அனுப்புங்கள். கறுப்பு வெள்ளையில் நான் அதைப் பார்த்ததே இல்லை.