சட்டம் கேளுங்கள்: லாரி மோதிய காயமும் இழப்பீடும்

கேள்வி: என் கணவர் தச்சுத் தொழிலாளி; வயது 38. நான்கு மாதங்களுக்கு முன் ஸ்கூட்டரில் சென்றுகொண்டிருந்தவரை, முந்திச் சென்று சட்டென்று இடப்பக்கம் திரும்பிய சரக்கு லாரி ஒன்று இடித்துத் தள்ளியது. வலக்கை பின்சக்கரத்தில் சிக்கியதால் கட்டை விரலையும் அதற்கடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். 45 சதவீத நிரந்தர ஊனம் என்று மருத்துவக் குழு சான்று கொடுத்திருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்காகப் பேசுவதாகச் சொல்லி வந்த ஒருவர், "ஆறு லட்சம் வாங்கித் தருகிறேன், இதில் கையெழுத்துப் போடுங்கள். கோர்ட்டுக்குப் போனால் பத்து வருஷம் இழுக்கும். டிரைவருக்கு ஹெவி லைசென்ஸே இல்லை, கம்பெனி ஒரு பைசா தர வேண்டியதில்லை" என்கிறார். லாரி உரிமையாளர் வேறு மாநிலத்தில் இருக்கிறார். பணத்தை வாங்கிக்கொள்வதா, வழக்குத் தொடுப்பதா?

பதில்: சகோதரி, அந்தத் தாளில் கையெழுத்திட வேண்டாம். வந்தவர் சொன்னவற்றில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் உங்களுக்குப் பெருநஷ்டத்தை உண்டாக்கக்கூடியது.

முதலில் நாள்கணக்கைப் பார்த்துவிடுவோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்யப்பட்ட திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், 166ஆம் பிரிவின் கீழான இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இந்தக் காலவரம்பு செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது என்றாலும், அதை நம்பி நாளைக் கடத்துவது புத்திசாலித்தனமல்ல. உங்களிடம் மீதமிருப்பது இரண்டே மாதங்கள். காவல் துறை 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டிய விரிவான விபத்து அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அந்த அறிக்கை போய்ச் சேர்ந்ததா என்று நேரில் விசாரித்து உறுதி செய்துகொள்ளாமல் அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

உரிமையாளரின் ஊர் எதுவாக இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை. விபத்து நடந்த இடம், நீங்கள் வசிக்கும் இடம், எதிர்த்தரப்பினர் வசிக்கும் இடம் ஆகியவற்றில் எதற்குரிய மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் மனு செய்யலாம். ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் ஆகிய மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். வண்டி எண் தெரிந்தால் காப்பீடு, தகுதிச் சான்று எனப்படும் எஃப்.சி., பெர்மிட் ஆகியவை விபத்தன்று நடப்பில் இருந்தனவா என்பதை உரிய கட்டணம் செலுத்திக் காவல் நிலையத்திலோ பதிவு அலுவலகத்திலோ கேட்டுப் பெற 160ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது.

உரிமம் பற்றிய மிரட்டலுக்கு வருவோம். ஓட்டுநரிடம் உரிய உரிமம் இல்லை என்பது காப்பீட்டு நிறுவனம் எடுத்துவைக்கக்கூடிய எதிர்வாதம்தான். இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. எனவே முதலில் ஆர்.சி. புத்தகத்தில் அந்த லாரியின் மொத்த எடை எவ்வளவு என்று பாருங்கள். எடை அதற்கு மேல் என்றே வைத்துக்கொண்டாலும் நீங்கள் அந்தப் பாலிசியைப் பொறுத்தவரை மூன்றாம் நபர். உரிமம் சரியில்லாத நேர்வுகளில், நிறுவனம் முதலில் காயமடைந்தவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடும் வழக்கத்தை 2004ஆம் ஆண்டின் ஸ்வரண் சிங் தீர்ப்பு நிலைநிறுத்தியது. அவர்களுக்குள் உள்ள கணக்கை அவர்கள் தீர்த்துக்கொள்வார்கள்.

இனி ஆறு லட்சம். இந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. ஏனென்றால் சட்டப்படியான கணக்கு வேறு இடத்தில் போய் நிற்கிறது. உங்கள் கணவரின் மாத வருமானம் 18,000 ரூபாய் என்று நிரூபிக்கப்பட்டதாகக் கொள்வோம். 40 வயதுக்குட்பட்ட சுயதொழில் செய்பவர் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் பிரணய் சேத்தி தீர்ப்பு வகுத்த விதி. அப்போது மாதம் 25,200, ஆண்டுக்கு 3,02,400. 36 முதல் 40 வயது வரையிலானவர்களுக்கு 2009ஆம் ஆண்டின் சர்ளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி பெருக்கும் எண் 15. பெருக்கினால் 45,36,000. அதில் 45 சதவீதம் என்றாலே 20,41,200 ரூபாய் வருகிறது. மரண வழக்கில் இறந்தவரின் சொந்தச் செலவுக்கென்று ஒரு பகுதியைக் கழிப்பார்கள். காயமடைந்தவர் உயிரோடு உண்டு உடுத்தி வாழ்கிறவர் என்பதால் அந்தக் கழிவு இங்கே கிடையாது.

ஆனால் இந்த 45 என்ற எண்ணோடு நின்றுவிடாதீர்கள் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். மருத்துவர் அளப்பது உடலின் குறைபாட்டை. தீர்ப்பாயம் அளக்க வேண்டியது சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பை. இரண்டும் ஒன்றல்ல என்று 2011ஆம் ஆண்டின் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. இடக்கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் வருமான இழப்பு ஏறத்தாழ முழுமையாக இருக்கலாம், அதே கையை இழந்தவர் அலுவலக எழுத்தராக இருந்து வேலையிலும் தொடர்ந்தால் இழப்பே இல்லாமலும் போகலாம் என்று அந்தத் தீர்ப்பே உதாரணம் காட்டுகிறது. தச்சர் என்ற சொல் தீர்ப்பிலேயே இருப்பது உங்கள் வழக்குக்குக் கிடைத்த கொடை. கட்டை விரல் இல்லாத வலக்கையால் உளியை நிறுத்திப் பிடிக்க முடியாது. இழைப்புளியைத் தள்ளும்போது அதன் பிடி கைக்குள் நிற்காது. ஆணியைப் பிடித்துக்கொடுக்க இன்னோர் ஆள் வேண்டும். இவற்றை உங்கள் கணவர் சாட்சிக் கூண்டில் தம் வாயால் சொல்ல வேண்டும். சான்று கொடுத்த மருத்துவரும் வந்து சாட்சியம் அளிக்க வேண்டும். தீர்ப்பாயம் வருமான இழப்பை 80 சதவீதம் என்று ஏற்றால் தொகை 36,28,800 ஆகிறது. ஒரே காயம், ஒரே சான்று, வித்தியாசம் மட்டும் ஏறக்குறைய 16 லட்சம். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த 45 கைக்கு மட்டும் போட்ட சதவீதமா, முழு உடலுக்குப் போட்டதா என்று சான்றைப் படித்துப் பாருங்கள். கைக்கு மட்டும் என்றால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

வருமானத்தை எப்படி நிரூபிப்பது என்று கேட்பீர்கள். சம்பளச் சீட்டு இல்லாத தொழிலாளிக்கு இதுதான் பெரிய இடர். சான்று இல்லாவிட்டால் தீர்ப்பாயம் ஒரு உத்தேச வருமானத்தை வைத்துக் கணக்கிட்டுவிடும், அது பெரும்பாலும் உண்மையான வருமானத்தைவிடக் குறைவாகவே இருக்கும். வேலை கொடுத்தவர்கள் செல்பேசி வழியாக அனுப்பிய முன்பணப் பதிவுகள், மரக்கடை ரசீதுகள், எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டுகள், வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள். பெரும்பாலான தச்சர்களிடம் பென்சிலால் அளவும் அட்வான்ஸ் தொகையும் குறித்த ஒரு சிறு நோட்டு இருக்கும். மரத்தூள் படிந்து ஓரம் கிழிந்திருந்தாலும் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் அனுபவத்தில், புதிதாக டைப் அடித்துக் கொண்டுவரும் வருமானச் சான்றைவிட அந்த நோட்டை நீதிபதிகள் அக்கறையோடு புரட்டிப் பார்க்கிறார்கள்.

மருத்துவச் செலவு, சிகிச்சைக் காலத்தில் இழந்த வருமானம், உடனிருந்து கவனித்தவருக்கான செலவு, போக்குவரத்து, சத்துணவு, இனி தேவைப்படும் சிகிச்சை, வலியும் வேதனையும், வாழ்க்கை வசதிகளின் இழப்பு ஆகியவை மேற்சொன்ன தொகைக்குப் புறம்பானவை. தனித்தனித் தலைப்பில் கேட்க வேண்டும். மனு தாக்கல் செய்த நாளிலிருந்து வட்டியும் உண்டு. பத்து வருஷம் இழுக்கும் என்று பயமுறுத்துகிறவர்கள் இதை மட்டும் சொல்வதில்லை.

சமரசமே கூடாது என்று நான் சொல்லவில்லை. காப்பீட்டு நிறுவனம் அதற்கென நியமித்த அலுவலர் 149ஆம் பிரிவின்படி முறையாக ஒரு தொகையை முன்வைக்கலாம். அதை நீங்கள் ஏற்றால் தீர்ப்பாயம் பதிவு செய்யும், பணமும் 30 நாட்களுக்குள் வர வேண்டும். லோக் அதாலத்திலும் பேசி முடிக்கலாம். ஒரு எச்சரிக்கை: தவறு யாருடையது என்று பாராமல் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் தரும் 164ஆம் பிரிவின் தொகையை இந்த வழியில் ஏற்றுக்கொண்டால் உங்களுடைய 166ஆம் பிரிவு மனு அத்தோடு முடிந்துபோகும். வீட்டுத் திண்ணையில் நீட்டப்படும் தாள் இந்த இரண்டில் எதைச் சேர்ந்தது, அல்லது எதையுமே சேராததா என்பது கையெழுத்திட்ட பிறகுதான் தெரியவரும்.

கேள்வி: இரவில் நெடுஞ்சாலையில் விளக்கு எதுவும் எரியாமல் நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் என் மகனின் மோட்டார் சைக்கிள் மோதியது. தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள். காவல் துறையோ என் மகன்மீதே வழக்குப் பதிவு செய்திருக்கிறது. எங்களுக்கு இழப்பீடு கேட்க உரிமை உண்டா?

பதில்: உண்டு. முதல் தகவல் அறிக்கை விசாரணையின் தொடக்கமே தவிர முடிவல்ல. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாயத்திலோ எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும். மற்றவர்களுக்கு ஆபத்தோ இடையூறோ உண்டாகும்படி பொது இடத்தில் வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது என்று 122ஆம் பிரிவு சொல்கிறது. நிறுத்து விளக்கு எரியாமல், எச்சரிக்கை முக்கோணம் வைக்காமல் நெடுஞ்சாலையில் நின்ற லாரியில் கார் மோதிய ஒரு வழக்கில், கவனக்குறைவு லாரித் தரப்பினுடையதே என்று உச்ச நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது.

உங்கள் வழக்கு அப்படி முழுதாக அமையும் என்று வாக்களிக்க மாட்டேன். மகனும் வேகமாக வந்தான் என்று தீர்ப்பாயம் கருதினால், அவன் பங்கை ஒரு சதவீதமாக நிர்ணயித்து அந்த அளவுக்குத் தொகையைக் குறைக்கும். ஆகவே சண்டை அந்தச் சதவீதத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். அதற்கு வேண்டியவை சம்பவ இட மகஜர், மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, அந்த இரவே யாராவது செல்பேசியில் எடுத்த படம். லாரியின் பின்பக்கத்தில் ஒளிரும் பட்டை ஒட்டியிருந்ததா, அது சேறு மூடிக் கிடந்ததா, சக்கரம் தார்ச்சாலையில் நின்றதா மண்ணில் நின்றதா என்பவையெல்லாம் அந்தப் படத்தில் தெரியும். காருக்கு இல்லாத ஒரு வசதி சரக்கு லாரியில் உண்டு: அது போகிற இடமெல்லாம் காகிதத்தைச் சிந்திக்கொண்டே போகும். சரக்குக்கான இ-வே பில், எடைமேடைச் சீட்டு, சுங்கச்சாவடியின் ஃபாஸ்டேக் பதிவு ஆகியவற்றைத் தருவித்தால் எத்தனை டன் ஏற்றியிருந்தது, கடைசிச் சாவடியை எப்போது கடந்தது, அங்கே எவ்வளவு நேரமாக நின்றிருந்தது என்று கணக்கிட்டுவிடலாம். கேமராப் பதிவுகள் நெடுநாள் தங்குவதில்லை. அவற்றைப் பாதுகாக்கும்படி இன்றே எழுத்து மூலம் கேளுங்கள்.

கேள்வி: மோதிய லாரி நிற்காமல் போய்விட்டது, எண்ணை யாரும் பார்க்கவில்லை. எனக்குக் கால் முறிவு.

பதில்: வண்டி அடையாளம் தெரியாத விபத்துகளுக்கு 161ஆம் பிரிவின்படி கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சமும் கிடைக்கும். விபத்து நடந்த பகுதிக்கான வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். தொகை சிறியது, ஆகவே வண்டியைக் கண்டுபிடிக்கும்படி காவல் நிலையத்தை வற்புறுத்துவதை நிறுத்திவிடாதீர்கள். பின்னர் எண் தெரிந்து இழப்பீடு கிடைத்தால் முதலில் வாங்கிய பணம் அதில் ஈடுசெய்யப்படும்.

கேள்வி: மருத்துவமனை வாசலிலேயே ஒருவர் வந்து, "செலவெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வருவதில் முப்பது சதவீதம் கொடுங்கள்" என்கிறார். அரசுப் பணியில் இல்லாத, கையில் காசில்லாத எனக்கு வேறு வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, அம்மா. வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதை இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தடை செய்கின்றன; வாசலில் நிற்பவர் வழக்கறிஞராக இருந்தாலும் தரகராக இருந்தாலும் அவர் கேட்பது ஏற்கத்தக்கதல்ல. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு முதல் தகவல் அறிக்கையின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, அடையாள அட்டை ஆகியவற்றோடு செல்லுங்கள். அசல்களை யாரிடமும், அந்த அலுவலகத்திலும்கூட, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கொடுக்காதீர்கள்.