இன்டெலில் சைபர், ஆர்மில் 'நேன்'

கேள்வி: என் சி++ நிரலில் அ×அ − ஆ×ஆ கணக்கிட்டு, அதற்கு வர்க்கமூலம் எடுக்கிறேன். இரண்டுமே 0.1 ஆக இருந்தால் பழைய இன்டெல் லேப்டாப்பில் 0 வருகிறது. புதிய ஆர்ம் கணினியில், அதே ஜிசிசி கம்பைலர், அதே கோட், ஆனால் 'நேன்' (NaN, 'எண்ணே இல்லை' என்னும் விடை) வருகிறது. கம்பைலரில் பிழையா?

பதில்: பிழை இல்லை. கம்பைலர் உங்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்ட சலுகை அது.

64 பிட் ஆர்ம் சிப்களில் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையில் முடிக்கும் 'எஃப்எம்ஏ' எப்போதும் உண்டு. நடுவில் ரவுண்ட் செய்யாமல் கடைசியில் ஒரே தடவை செய்யும். ஜிசிசி இதை வழக்கமாகவே பயன்படுத்திக்கொள்ளும். உங்கள் கணிதக் கோவையில் ஆ×ஆ ரவுண்ட் ஆகிவிடுகிறது, அ×அ ஆகவில்லை. இரண்டுக்கும் நடுவே சுமார் −8.3×10⁻¹⁹ மிச்சம் நிற்கிறது. நெகட்டிவ் எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டால் நேன்தான். அடிப்படை எக்ஸ்86-64 தொகுப்பில் இந்தக் கட்டளை இல்லாததால் லேப்டாப் தப்பித்தது. 2013-க்குப் பிந்தைய பெரும்பாலான இன்டெல் சிப்களில், இந்தச் சிப்பின் எல்லாக் கட்டளைகளையும் பயன்படுத்து என்று சொல்லும் 'மார்ச்=நேட்டிவ்' போட்டுப் பாருங்கள், அங்கேயும் இதே கதைதான்.

சரி, என்ன செய்வது? கோவையை (அ−ஆ)×(அ+ஆ) என்று மாற்றி எழுதுங்கள். பெருக்கலுக்குப் பின் கூட்டல் இல்லை, இணைக்க இடமே இல்லை. நிரல் முழுக்கச் சந்தேகம் என்றால் 'எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப்' என்று கம்பைலருக்குச் சொல்லிவிடலாம். நேன் வந்ததா என்று சோதித்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். வேகத்துக்காகக் கணக்கு விதிகளைத் தளர்த்தும் 'ஃபாஸ்ட்-மேத்' போட்டிருந்தால் அந்தச் சோதனையையே கம்பைலர் தூக்கிப் போட்டுவிடலாம்!

சி++ மொழியின் விதிகளை வகுக்கும் தரத்தின் (ஸ்டாண்டர்ட்) மீதும் எனக்குக் குறை உண்டு. இந்த இணைப்பை ஒரு பகுதிக்கு மட்டும் நிறுத்திவைக்கும் பிராக்மாவை (கோடிலேயே கம்பைலருக்கு எழுதும் குறிப்பை) சி மொழி 1999-லேயே கொடுத்துவிட்டது. சி++ தரம் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. 2011-இல் வந்த எஃப்எம்ஏ ஃபங்ஷன், வேண்டும் என்று கேட்க உதவும். வேண்டாம் என்று சொல்ல உதவாது. ஜாவா இதில் கறார்: நீங்களாக அழைத்தால்தான் எஃப்எம்ஏ. ஜாவா 17 முதல் மிதவைப்புள்ளி (தசம எண்) கணக்கு முழுவதுமே கண்டிப்பான விதிப்படிதான் நடக்கிறது. எஃப்எம்ஏ பெரும்பாலும் துல்லியத்தைக் கூட்டும் நல்ல கருவிதான், ஒழிக்கச் சொல்லவில்லை. ஆனால் எந்த வரியில் வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியவர் கணக்கை எழுதியவர்.