மாதவிடாய் வலி: மாத்திரை, நேரம், வெந்நீர்ப் பை – கேள்வி பதில்

பதில் சொல்பவர் மருந்தாளுநர். மருந்து, அளவு, போடும் நேரம், ஒத்தடம் பற்றிக் கேட்கலாம். ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்பி அர்த்தம் கேட்க வேண்டாம். அளவுகள் எல்லாம் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு.

கேள்வி: மேடம், இபுபுரூஃபன் போட்டாலும் வலி கேட்பதே இல்லை. தாங்க முடியாமல் போன பிறகுதான் ஒன்று போடுகிறேன். அப்புறமும் இரண்டு மணி நேரம் சுருண்டுதான் கிடக்கிறேன்.

பதில்: கோளாறு மருந்தில் இல்லை, போட்ட நேரத்தில். பீரியட்ஸ் வரும் முன் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவு இறங்குகிறது. அப்போது கருப்பையின் உள்சவ்வு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்குகிறது, இரத்தக் குழாய்களையும் சுருக்குகிறது. இறுகிய தசைக்கு ஆக்சிஜன் போதாமல் போக, வலி கிளம்புகிறது. அன்றைக்கே பேதி, குமட்டல், தலைவலி என்று சேர்ந்து வருவதற்கும் இதே பொருள்தான் காரணம்.

இபுபுரூஃபன், நாப்ராக்சன், மெஃபனாமிக் அமிலம் மூன்றின் முக்கிய வேலை, இனிமேல் சுரக்கப்போவதைத் தடுப்பது. சுரந்து முடிந்ததைத் துடைத்தெடுப்பது அல்ல. (ஆஸ்பிரின் வகை மருந்துகள் இப்படித்தான் வேலை செய்கின்றன என்று 1971-இல் காட்டியவர் ஜான் வேன். 1982-இல் நோபல் பரிசு வாங்கியவர்களில் அவரும் ஒருவர்.) வலி உச்சிக்கு ஏறிய பிறகு போட்டால், வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகு கதவைச் சாத்திய கதைதான்.

தேதி தவறாமல் வருகிறவர் முந்தின நாள் மாலையே தொடங்கலாம். தேதி முன்பின்னாக இருந்தால் முதல் கறை கண்டவுடன் போடுங்கள், வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இபுபுரூஃபன் என்றால் 400 மி.கி., 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. மருத்துவர் சொல்லாமல் நாளுக்கு 1200 மி.கி. தாண்டக் கூடாது. நாப்ராக்சன் என்றால் முதல் வேளை 500, பிறகு 6–8 மணிக்கு ஒருமுறை 250. மெஃபனாமிக் அமிலம் முதலில் 500, பிறகு 6 மணிக்கு ஒருமுறை 250. இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். சாப்பிட்ட பிறகு, ஒரு முழு டம்ளர் தண்ணீருடன்.

அடுத்த தவறு இரண்டாம் வேளையில் நடக்கும். காலை 8 மணிக்குப் போட்டது மதியம் 2 மணிக்கு மேல் ஓயத் தொடங்கும். ‘இப்போது வலிக்கவில்லையே’ என்று விட்டுவிடுவீர்கள். 4 மணிக்கு வலி பிடிக்கும், அதற்குப் பிறகு போட்டது வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும். கடிகாரம் பார்த்துப் போடுங்கள், வயிற்றைப் பார்த்து அல்ல. மூன்று மாதம் இப்படிச் செய்தும் கேட்காவிட்டால்தான் ‘மருந்து கேட்கவில்லை’ என்று பேர். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், இரத்தம் உறையாமலிருக்க மருந்து, ஆஸ்பிரினால் தூண்டப்படும் ஆஸ்துமா, கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம், இதில் ஒன்று இருந்தாலும் இந்த மூன்றையும் தொடாதீர்கள். மற்றவர்கள் மூன்றில் ஒன்றை மட்டும்.

கேள்வி: பாராசிட்டமால் போதாதா?

பதில்: சிலருக்குப் போதும். இந்த வலிக்கு வலு குறைவு, வயிற்றைப் புண்ணாக்காது. வேளைக்கு 500 முதல் 1000 மி.கி., நாளுக்கு 4000-ஐத் தாண்டாமல். வேறு குடும்பத்து மருந்து என்பதால் மேலே சொன்ன மூன்றில் ஒன்றோடு சேர்த்தும் போடலாம்.

கேள்வி: மெஃபனாமிக் அமிலமும் டைசைக்ளோமினும் சேர்ந்த மாத்திரை காலையில் போடுகிறேன். இரவு கூடவே ஒரு இபுபுரூஃபன் போடலாமா?

பதில்: கூடாது. மெஃபனாமிக்கும் இபுபுரூஃபனும் ஒரே வேலை செய்பவை. இரண்டும் சேர்ந்தால் வலி பாதியாகாது, வயிற்றுப்புண்ணும் சிறுநீரகச் சுமையும்தான் கூடும். டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் இரண்டும் இதே கூட்டம். சில சளி மாத்திரைகளுக்குள்ளும் இபுபுரூஃபன் ஒளிந்திருக்கும். பட்டையின் முன்னால் உள்ள பெரிய பெயரை விட்டுவிட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். டைசைக்ளோமின் தசைப்பிடிப்பைத் தளர்த்தும் என்று சேர்க்கிறார்கள். வாய் உலர்வது, பார்வை மங்குவது அதனால்தான். மங்கினால் வண்டி ஓட்டாதீர்கள்.

கேள்வி: வெந்நீர்ப் பை உண்மையிலேயே உதவுமா, மனசுக்குத்தானா? எனக்கு வயிற்றில் பழுப்பாக வலைபோல் தடம் விழுந்திருக்கிறது.

பதில்: உதவும். சூடு தசையைத் தளர்த்தும், இரத்த ஓட்டத்தைக் கூட்டும். சுமார் 40 டிகிரி செல்சியஸ் போதும், அதற்கு மேல் சூட்டினால் பலன் கூடாது, தோல்தான் வேகும். அந்த வலைத்தடம் சூடு அதிகம், நேரமும் அதிகம் என்பதற்கான அடையாளம். சில மாதம் நிறுத்தினால் பெரும்பாலும் மங்கும்.

தண்ணீரைக் கொதித்த உடனே ஊற்றாதீர்கள், சில நிமிடம் ஆறட்டும். மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஊற்றி, பையை மேசையில் சாய்த்து, வாய்வரை நீர் எட்டும்படி மெல்ல அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். காற்று நின்றால் பை பந்துபோல் விறைத்து வயிற்றில் படியாது. தலைகீழாகப் பிடித்து ஒழுகுகிறதா பாருங்கள். துண்டு சுற்றி 15–20 நிமிடம், பிறகு இடைவெளி. பையோடு தூங்கிவிடாதீர்கள். கழுத்து மடிப்பில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் பை குப்பைக்கு.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. முதல் ஒரு வருடம் வலியே இல்லை, இப்போது துடிக்கிறாள். ஏதோ கோளாறா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஆரம்பத்தில் பல மாதங்கள் முட்டை வெளிவராமலேயே பீரியட்ஸ் வரும். முட்டை வரத் தொடங்கிய பிறகுதான் இந்த வலியும் தொடங்கும். பயப்பட வேண்டியது இதற்கு நேர் எதிரானதற்கு. முதல் பீரியட்ஸிலிருந்தே கடும் வலி, மாதாமாதம் கூடிக்கொண்டே போவது என்றால் இரத்தம் வெளியேறும் பாதையில் அடைப்பு இருக்கலாம், மருத்துவர் பார்க்க வேண்டும். மாத்திரை அளவை அவளுடைய எடை பார்த்து மருத்துவரே சொல்லட்டும். பள்ளிக்குப் போக முடியாத வலியை ‘எல்லாருக்கும் வருவதுதானே’ என்று தள்ளாதீர்கள்.

கேள்வி: மாதாமாதம் மாத்திரை போட்டால் கருப்பை கெட்டுப்போகும், குழந்தை பிறக்காது என்கிறார்களே?

பதில்: கெடாது. மாதத்தில் இரண்டு மூன்று நாள் போடும் மருந்து அடுத்த பீரியட்ஸ் வரை உடம்பில் தங்கியிருப்பதில்லை.

இன்னொருவர்: மன்னிக்கவும், இது தவறு. இபுபுரூஃபன் வகை முட்டை வெளிவருவதையே தடுக்கும் என்று நானே படித்திருக்கிறேன்.

பதில்: படித்தது சரி, பொருத்தியது தவறு. முட்டையைச் சுமக்கும் சிறு நீர்ப்பை வெடித்து முட்டை வெளியே வரவும் புரோஸ்டாகிளாண்டின் வேண்டும். ஆகவே சுழற்சியின் நடுவில், முட்டை வரும் நாட்களில், இந்த மருந்தைத் தொடர்ந்து போட்டால் அந்த மாதம் முட்டை வராமலோ தள்ளியோ போகலாம். நிறுத்தினால் சரியாகிவிடும். 28 நாள் சுழற்சியில் அது 14-ஆம் நாளை ஒட்டி வருவது. நாம் பேசுவது 1, 2, 3-ஆம் நாள்.

அதே நபர்: அப்படியென்றால் குழந்தைக்கு முயல்கிறவர்கள்?

பதில்: நல்ல கேள்வி, முதலிலேயே இதைக் கேட்டிருக்கலாம். நன்றாக இரத்தப்போக்கு தொடங்கிய பிறகு போட்டு, வலி அடங்கியதும் நிறுத்துங்கள். முந்தின நாள் மாலை போடும் யோசனை உங்களுக்கு இல்லை, கரு தங்கியிருந்தால் அப்போது தெரியாது. நடுமாத மூட்டு வலிக்கு, தலைவலிக்கு பாராசிட்டமால்.

மூன்றாமவர்: எதுவானாலும் உடம்பு பழகிவிடும். பிறகு நாலு மாத்திரை போட்டாலும் கேட்காது.

பதில்: பழகுவது அபின் வகை வலி மருந்துகள். இவை அந்த வகை இல்லை. அளவு ஏற வேண்டியிருந்தால் உடம்பு பழகியதால் அல்ல, வலிக்குக் காரணம் மாறியிருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாமவர்: இயற்கையாக வருவதைத் தடுப்பானேன்?

பதில்: வலியைத்தான் தடுக்கிறோம், பீரியட்ஸை அல்ல. அடுத்த கேள்வி.

கேள்வி: மெஃபனாமிக் கேட்காவிட்டால் மேலே டைக்ளோஃபெனாக்?

பதில்: கூடாது. மூன்றாம் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி: டென்ஸ் கருவி வாங்கலாமா?

பதில்: ஒட்டுப்பட்டை வழியாகத் தோலுக்கு லேசான மின்துடிப்பு தந்து வலியைக் குறைக்கும் சிறு கருவி அது. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நல்ல வழி. அதிக அதிர்வெண்ணில், 50 முதல் 120 ஹெர்ட்ஸுக்குள் வையுங்கள். ஒட்டுப்பட்டைகளைத் தொப்புளுக்குக் கீழே இருபக்கமும், அல்லது இடுப்பின் பின்பக்கம் ஒட்டலாம். விறுவிறு என்று உறைக்கும் அளவு போதும், தசை துள்ளினால் அதிகம். பேஸ்மேக்கர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடக் கூடாது.

கேள்வி: உடற்பயிற்சி?

பதில்: வாரம் மூன்று நாள், 45 முதல் 60 நிமிடம், மாதம் முழுக்க. வலிக்கும் அன்று மட்டும் யோகா விரிப்பை எடுத்துப் பலனில்லை.

கேள்வி: அக்கா, எனக்கு மாத்திரை கேட்பதே இல்லை.

பதில்: எப்போது போடுகிறீர்கள்? முதல் பதில்.

கேள்வி: வயது 34. இத்தனை வருடம் வலி இல்லை. இரண்டு வருடமாகப் பீரியட்ஸுக்கு ஐந்து நாள் முன்பே தொடங்குகிறது, மலம் கழிக்கும்போது குத்துகிறது. ஸ்கேன் நார்மல்.

பதில்: இது வேறு வலி. சாதாரண வலி இரத்தப்போக்கை ஒட்டி வந்து, மூன்று நாளில் போய்விடும். புதிதாக வந்து வருடாவருடம் கூடுவது, பல நாள் முன்பே தொடங்குவது, மலம் கழிக்கையிலோ உறவின்போதோ வலிப்பது எல்லாம் எண்டோமெட்ரியோசிஸை நினைக்க வைப்பவை. கருப்பை உள்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய் அது. சிறிய திட்டுகள் சாதாரண ஸ்கேனில் தெரியாமல் போகலாம், ஆகவே ‘ஸ்கேன் நார்மல்’ என்பது முடிவு அல்ல. இரத்தப்போக்கும் அதிகமாகிக் கருப்பை பருத்திருந்தால் அடினோமயோசிஸ் (உள்சவ்வு கருப்பைத் தசைக்குள் வளர்வது), ஃபைப்ராய்டு (கருப்பையில் வரும் புற்றில்லாத தசைக்கட்டி) இரண்டையும் பார்ப்பார்கள். காப்பர் கருத்தடைச் சாதனம் வைத்த பிறகு வலி கூடியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இரண்டு மாதம் குறித்து வையுங்கள்: வலி தொடங்கிய நாள், பத்துக்கு எத்தனை, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எத்தனை பேட், எப்போது மலம் கழிக்க வலித்தது. அந்தக் காகிதத்தோடு மகளிர் மருத்துவரைப் பாருங்கள். ‘ரொம்ப வலிக்கிறது’ என்று சொல்வதைவிட அது அதிகம் பேசும்.

கேள்வி: வலிக்குக் கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குத் தலைவலிக்கு முன் கண்ணில் மின்னும்.

பதில்: அதை மருத்துவரிடம் சொன்னீர்களா? ஈஸ்ட்ரோஜன் கலந்தது என்றால், சொல்லாமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம். மின்னலோடு வரும் ஒற்றைத் தலைவலியில் பக்கவாத அபாயம் கூடும். ஈஸ்ட்ரோஜன் இல்லாத வகைகள் இருக்கின்றன.

கேள்வி: விசேஷத்துக்குத் தேதியைத் தள்ளிப்போட?

பதில்: அது வேறு தலைப்பு. மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: இரண்டு வாரம் தள்ளிப்போய் இன்று லேசாகக் கறை. ஒரு பக்கம் மட்டும் கடும் வலி, தலை சுற்றுகிறது. எந்த மாத்திரை?

பதில்: எந்த மாத்திரையும் இல்லை. கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்கலாம். இப்போதே துணைக்கு ஒருவரோடு அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலோடு அடிவயிறு வலித்தாலும், மணிக்கு ஒரு பேட் வீதம் இரண்டு மணி நேரம் நனைந்தாலும் இதே பதில்தான்.

கேள்வி: கைப்பையில் இரண்டு மாத்திரை வைத்துக்கொள்கிறேன், உதிரியாகவா பட்டையோடா?

பதில்: பட்டையோடு. வெட்டும்போது காலாவதித் தேதி இருக்கும் பக்கத்துத் துண்டை எடுங்கள். மற்ற பக்கத்தில் அது இருக்காது, ஆறு மாதம் கழித்து மருந்தின் பெயர்கூட நினைவில் வராது.