பழைய மாருதிக்காரர்கள் கேட்டதும் அண்ணாச்சி சொன்னதும்

வள்ளியூர்த் தம்பி: அண்ணாச்சி, என் வண்டி 2004 மாருதி 800. நெல்லை டவுன் ரதவீதிக் கூட்டத்துல மாட்டுனா சூட்டு முள்ளு ஏறுது. நாலுவழிச் சாலைல ஓட ஆரம்பிச்சா தானா இறங்கிருது. இஞ்சின் சூடாகுற வரைக்கும் ரேடியேட்டருக்குப் போற தண்ணிய மறிக்கிற தெர்மோஸ்டாட் வால்வக் கழட்டி எறிஞ்சிரச் சொல்லுதாவ. செய்யலாமா?

கழட்டாதீங்க தம்பி. நிக்கும்போது சூடேறி ஓடும்போது இறங்குனா, ரேடியேட்டர் ஃபேன் சுத்தலைன்னு அர்த்தம். ஓடும்போது எதிர்க்காத்து அந்த வேலையச் செஞ்சிருது. இதுக்கு நேர்மாறா, ஹைவேயில சூடேறி நிறுத்தினா இறங்குதுன்னா ரேடியேட்டர் குழாய் அடைச்சிருக்கும்.

ஃபேன் பிளக்கக் கழட்டி, பேட்டரியிலருந்து ரெண்டு வயர் நேரா குடுத்துப் பாருங்க. சுத்துனா மோட்டார் நல்லாருக்கு. கோளாறு சுவிட்சுலயோ ரிலேயிலயோ (சின்ன கரண்ட்ட வச்சு பெரிய கரண்ட்டத் தொறந்து விடுற சுவிட்சு) ஃப்யூஸ்லயோ இருக்கு. சுத்தலைன்னா மோட்டார் கார்பன் தேஞ்சிருக்கும். வீட்டு வாசல்லயே பாத்துரலாம்.

தெர்மோஸ்டாட் இல்லாம ஓட்டுனா இஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும். வண்டி இன்னும் சூடாகலைன்னு நெனச்சு எம்.பி.எஃப்.ஐ., அதாவது பெட்ரோல அளந்து ஊத்துற எலக்ட்ரானிக் அமைப்பு, கூடுதல் பெட்ரோல ஊத்தும். மைலேஜ் போகும், ஸ்பார்க் பிளக்குல கரி பிடிக்கும்.

இன்னொண்ணு: ராதாபுரம், வள்ளியூர் பக்கத்து உப்பு போர் தண்ணிய ரேடியேட்டர்ல ஊத்தவே ஊத்தாதீங்க. நம்ம பக்கத்துல நான் பாத்த ரேடியேட்டர் அடைப்பு பெரும்பாலும் இந்தத் தண்ணியால வந்ததுதான். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊத்துங்க. கலந்தே விக்கிற கூலன்ட்னா தண்ணி சேக்க வேண்டாம். சூடா இருக்கும்போது மூடியத் திறக்கக்கூடாது.

வண்ணார்பேட்டை: 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பெறகு மழைன்னாலே பயமா இருக்கு. வண்டி முங்கிட்டா என்ன செய்யணும்?

இதக் கேட்டதுக்கு ரொம்ப நன்றி. தண்ணி வடிஞ்சதும் ஸ்டார்ட் ஆகுதான்னு ஒரு தடவ சாவியத் திருப்பிப் பாக்கிறதுலதான் நெறைய இஞ்சின் செத்துப்போகுது. காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. சிலிண்டருக்குள்ள தண்ணி இருக்கும்போது பிஸ்டன் மேல வந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சிரும்.

முதல்ல பேட்டரி நெகட்டிவக் கழட்டுங்க. அடுத்து ஏர் ஃபில்டரத் தொறந்து பாருங்க. அது நனைஞ்சிருந்தா தண்ணி உள்ள போயிருக்குன்னு வச்சுக்கிடுங்க. ஆயில் குச்சிய உருவுங்க. ஆயில் பால் காப்பி நெறத்துல இருந்தா அதுலயும் தண்ணி கலந்திருச்சு. அந்த ஆயிலோட இஞ்சினச் சுத்த விடவே கூடாது. ஆயில், ஃபில்டர், கியர் ஆயில் மூணையும் மாத்தணும். மூணு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டிட்டு, டாப் கியர்ல போட்டு வண்டிய மெதுவாத் தள்ளுனா உள்ள நிக்குற தண்ணி பிளக் ஓட்டை வழியா வெளிய வந்துரும். அதுக்கப்புறந்தான் ஸ்டார்ட்டர். பிரேக் டிரம்மையும் தொறந்து சேற எடுத்துருங்க. சீட்டு, கார்ப்பெட்ட வெயில்ல போட்டு நல்லா காயவைங்க. இல்லேன்னா அடித்தகடு துருப்பிடிச்சிரும்.

உவரித் தங்கச்சி: அண்ணாச்சி, கடக்காத்துல கதவடி அரிச்சுப்போச்சு. டிங்கரிங் பண்ணியும் மறுபடி வருது.

கதவுக்கு அடியில தண்ணி வடியச் சின்ன ஓட்டைகள் உண்டு தங்கச்சி. அதுல மணல் அடைச்சிருக்கும். கம்பியால குத்தி விடுங்க. அது அடைஞ்சிருந்தா எத்தன தடவ பெயின்ட் அடிச்சாலும் உள்ளருந்தே அரிச்சிக்கிட்டு வரும். வாரம் ஒரு தடவ அடிப்பக்கத்த நல்ல தண்ணியில கழுவுங்க.

பாளையங்கோட்டை: 13 இன்ச் அலாய் வீல் போடணும்னு ஆசை.

800க்கு வந்த டயர் 145/70 ஆர்12. 155/65 ஆர்13 போட்டா சக்கரத்தோட சுத்தளவு கிட்டத்தட்ட 5 சதம் கூடும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63ல போகும். ஸ்டீயரிங்கும் கனக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும் இருக்கு, ஆர்.சி.யில உள்ள விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு 2019ல உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொல்லிருக்கு. 15 வருசம் முடிஞ்சு ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது வண்டிய நேர்ல பாப்பாங்க. அந்தக் காசுல நாலு நல்ல 12 இன்ச் டயர், ஷாக் அப்சார்பர் புஷ் வாங்குங்க. ஓட்டம் புதுசா இருக்கும்.

முக்கூடல்: ராத்திரி வெளிச்சம் பத்தல. 100 வாட்ஸ் பல்பு போடலாமா?

வேண்டாம். பழைய வயரும் ஹோல்டரும் உருகும், எதிர்ல வாறவங்களுக்குக் கண்ணு கூசும். 60/55 பல்பே (ஹை பீம் 60 வாட்ஸ், லோ பீம் 55 வாட்ஸ்) போதும். அந்த 60 வாட்ஸ் பல்பு ஒண்ணு 5 ஆம்பியர் இழுக்குது. பழைய சுவிட்சு வழியா வரும்போது வோல்ட் குறைஞ்சிருது. பேட்டரியிலருந்து ரிலே வச்சு, ஃப்யூஸோட தடிச்ச வயர் இழுங்க. எர்த் போல்ட்ட சொரண்டி முடுக்குங்க. இந்த ஒரு மாத்தத்த நான் எல்லாருக்கும் மனசாரச் சொல்லுதேன்.

அம்பாசமுத்திரம்: மாஞ்சோலை மலை இறங்கும்போது பிரேக் பெடல் மெத்துன்னு கீழ போகுது. பேட் புதுசு.

பிரேக் ஆயில் எப்ப மாத்துனீங்க? அது காத்துல உள்ள ஈரத்தக் குடிக்கும். டாட் 3ங்கிற வகை பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது கொதிக்கிறதுக்குக் குறைஞ்சது 205 டிகிரி சூடு வேணும்; ஈரம் ஏறுனா 140க்கே கொதிச்சிரலாம். கொதிச்சா ஆவியாகி பெடல் உக்காந்துரும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்க மாத்தி, பிரேக் குழாய்க்குள்ள நிக்குற காத்த வெளிய எடுங்க. மாஸ்டர் சிலிண்டர் ரப்பரையும் பாக்கச் சொல்லுங்க. இறக்கத்துல ரெண்டாவது கியர்லயே வாங்க. ஆயில் மாத்தாம மலைக்குப் போகாதீங்க.