சூப்பர்சார்ஜர் காருக்கு எந்தப் பெட்ரோல்? கேள்வி பதில்

கேள்வி: சூப்பர்சார்ஜர் பொருத்திய காருக்கு பிரீமியம் பெட்ரோல் போடுவது வீண்செலவுதானே?

பதில்: முதலில் டேங்க் மூடியின் உள்பக்கத்தைப் படியுங்கள். 'கட்டாயம்' என்று இருந்தால் பேரம் பேசவே வேண்டாம், போட்டுத்தான் ஆக வேண்டும். 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று இருந்தால் சாதாரண பெட்ரோலிலும் ஓடும். சூப்பர்சார்ஜருக்காகக் கொடுத்த காசு முழுதாகக் கைக்கு வராது, அவ்வளவுதான்.

சூப்பர்சார்ஜர், எஞ்சினின் பெல்ட்டிலேயே சுழன்று காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. அமுக்கிய காற்று சூடாகும். 25 டிகிரி காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், இழப்பே இல்லாத ஏட்டுக்கணக்கிலும் 60 டிகிரியைத் தாண்டிவிடும். நிஜத்தில் இன்னும் அதிகம். இன்டர்கூலர் அதில் ஒரு பங்கைத்தான் தணிக்கும். இந்தச் சூட்டின் மேல் பிஸ்டனும் அமுக்குகிறது. ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ பரவி முடிவதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே பற்றி வெடித்தால் அதுதான் நாக்கிங். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கிய சத்தம் கேட்கும். பலமாகத் தொடர்ந்தால் பிஸ்டன் உடையும். இதைத் தடுக்கத்தான் ஆக்டேன் எண் கூடிய பிரீமியம் பெட்ரோல்.

கேள்வி: ஆக்டேன் கூடினால் சக்தியும் கூடும்தானே?

பதில்: கூடாது. அந்த எண், பெட்ரோல் தானாகப் பற்றாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. ஐசோ-ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு ஒப்பிட்டு எடுக்கும் அளவு அது. சக்தி வருவது எஞ்சின் தயங்காமல் வேலை செய்வதால்.

கேள்வி: நாக் சென்சார் இருக்கும்போது என்ன பயம்?

பதில்: சென்சார் அதிர்வைக் கேட்ட பிறகுதான் கணினி இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் பிளக் தீ மூட்டும் நேரத்தை, பின்தள்ளும். அதாவது முதல் அடி விழுந்துவிட்டது. பின்தள்ளினால் இழுவை குறையும், புகைப்போக்கி வழியாக வெளியேறும் வாயு கூடுதலாகச் சூடேறும், மைலேஜும் இறங்கலாம். மிச்சம் பிடித்த காசில் ஒரு பகுதி அங்கே போய்விடும். வெயில் காலம், மலையேற்றம், முழு பாரம் மூன்றும் சேரும்போது சென்சாரை நம்பிச் சூதாடுவது எனக்குப் பிடிக்காத வேலை.

கேள்வி: தவறுதலாகப் பாதி டேங்க் சாதாரண பெட்ரோல் நிரப்பிவிட்டேன். இறக்கிவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். 91 ஆக்டேனும் 95 ஆக்டேனும் சரிபாதியாகக் கலந்தால் ஏறக்குறைய 93 கிடைக்கும். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து ஓட்டுங்கள்; பெரும்பாலான சூப்பர்சார்ஜர்களில் பைபாஸ் வால்வு உண்டு, மெதுவாகப் போகும்போது அழுத்தமே ஏறாது. உயர்ந்த கியரில் எஞ்சினைத் திணறவிட்டு மிதிப்பதுதான் ஆபத்து. அடுத்த முறை நல்லதை நிரப்புங்கள்.

கேள்வி: ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் ஊற்றலாமா?

பதில்: லேபிளில் '10 பாயின்ட்' என்று இருந்தால் 91 என்பது 101 ஆகிவிடாது. ஒரு பாயின்ட் என்பது பெரும்பாலும் 0.1 ஆக்டேன், ஆக 92. அந்தக் காசுக்கு பிரீமியமே போடலாம்.

கேள்வி: வீட்டிலுள்ள இன்னொரு கார் சாதாரண எஞ்சின். அதற்கும் பிரீமியம் போடலாமா?

பதில்: கையேடு கேட்கவில்லை என்றால் தேவையில்லை.

கேள்வி: அமெரிக்கக் கையேட்டில் 91 என்றிருக்கிறது. எங்கள் ஊர் பெட்ரோல் பங்கிலும் 91 கிடைக்கிறது. அதுவே போதுமா?

பதில்: போதாது. அமெரிக்க எண் இரண்டு சோதனை முறைகளின் சராசரி. மற்ற பல நாடுகளில் பம்பில் எழுதுவது அவற்றில் ஒன்றான 'ரான்' (RON) என்ற ஒற்றை அளவு. அந்த 91, ரான் கணக்கில் சுமார் 95. எனவே 95 என்று எழுதியிருக்கும் பம்புக்குப் போங்கள்.