ஒரே விதிமுறை இருந்தும் கிளைக்குக் கிளை நடைமுறை மாறுவது ஏன்?

ஒரே நிறுவனத்தில் ஒரே வேலை இடத்துக்கு இடம் வேறு விதமாக நடப்பது ஏன், அதை மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். காசோலைக்குப் பணம் கொடுக்கும் வேலையை மட்டும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கணக்குகளைக் கையால் பேரேட்டில் எழுதிய காலத்தில் எழுத்தர் காசோலையை வாங்கிக்கொண்டு பித்தளை டோக்கன் கொடுப்பார். பேரேட்டில் பற்று எழுதுவார், அதாவது அந்தத் தொகையைக் கணக்கிலிருந்து கழிப்பார். அதிகாரி மாதிரிக் கையொப்பத்தோடு ஒப்பிட்டு அனுமதித்த பிறகே காசாளர் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவார். கையேட்டில் இருந்த வரிசை இதுதான். ஆனால் நான் இருந்த ஒரு சந்தை ஊர்க் கிளையில், கூட்டம் அதிகமான நாள்களில் எழுத்தர் இருப்பைச் சரிபார்த்து, தொகையைப் பேரேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டுக் காசோலையை அனுப்பிவிடுவார். முறையான பதிவு மாலையில்தான் நடக்கும். ஆய்வுக்கு வந்தவர்கள் இதை விதிமீறல் என்றே எழுதினார்கள். விதிமீறல்தான், எனினும் அதே கணக்கில் இன்னொரு காசோலை வந்தால் இருப்பு மீறாமல் காத்தது அந்தப் பென்சில் குறி என்பதை அவர்கள் கேட்டறியவில்லை.

கணினி வந்ததும் பற்று எழுதாமல் பணம் கொடுக்க வழியில்லாமல் போயிற்று. மாறுபாடு மறையவில்லை, கடவுச்சொல்லுக்கு இடம் மாறியது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் ஒருவர் பதிய, மற்றொருவர் அனுமதிக்க வேண்டும். ஒரே அதிகாரி உள்ள கிளையில் அவர் வெளியே போனால், அவருடைய கடவுச்சொல்லை எழுத்தரே பயன்படுத்தினார். இதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. இரண்டு கண்கள் பார்க்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் பார்த்தது.

காசோலைத் தீர்வில், அதாவது ஒரு வங்கியின் காசோலைக்கு இன்னொரு வங்கி வழியாகப் பணம் பெறும் வேலையில், நடந்த மாற்றம் வேறு வகையானது. காகிதத்துக்குப் பதில் அதன் படம் மட்டும் பயணிக்கும் முறை புதுதில்லியில் 2008 பிப்ரவரியிலும் சென்னையில் 2011 செப்டம்பரிலும் தொடங்கியது. காகிதத்தைக் கையில் எடுத்துத் திருத்தம் உண்டா என்று பார்க்கும் வாய்ப்பு பணம் கொடுக்கும் வங்கிக்கு இல்லாமல் போவதால், அந்தப் பொறுப்பு காசோலையை வசூலுக்கு வாங்கும் வங்கியிடம் வெளிப்படையாகவே ஒப்படைக்கப்பட்டது. அதற்கான சட்டத் திருத்தம் 2002-லேயே வந்துவிட்டது. பழைய நடைமுறை எதைக் காத்ததோ அதை இனி யார் காப்பார் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள்.

கடவுச்சொல் விஷயத்தில் பல சுற்றறிக்கைகள் வந்தும் பலனில்லை. அந்தக் கிளைக்கு இரண்டாவது அதிகாரி ஒருவரை அனுப்பிய பிறகுதான் அந்தப் பழக்கம் நின்றது.